மயக்கத்தில் உணர்வு எங்கே இருந்தது?

கேள்வி: சென்ற மாதம் பினாங்கில் என் தாயாருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று மணி நேரம் கழித்துக் கண் விழித்தவர், "இன்னும் தொடங்கலையா?" என்று கேட்டார். அவ்வளவு நேரமும் அவருடைய உணர்வு எங்கே இருந்தது? நம் தத்துவங்கள் இதற்கு விடை சொல்கின்றனவா?
– ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தங்கள் தாயார் நலமாகக் கண் விழித்தது மிக்க மகிழ்ச்சி.

உறங்கி எழுந்தவன் "சுகமாகத் தூங்கினேன், ஒன்றும் தெரியவில்லை" என்று சொல்வதால், அந்த ஒன்றும் தெரியாத நிலையையும் கண்டிருந்த ஒரு சாட்சி உள்ளே உண்டு என்பது அத்வைதிகளின் வாதம். தாயாரோ தூங்கியதாகக்கூடச் சொல்லவில்லை; நேரமே அவருக்கு அறுந்துபோயிருக்கிறது. ஆகவே அந்த வாதம் இங்கே அப்படியே பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

பினாங்கின் புலாவ் திக்குஸ் பகுதியில் சயாமியர் ஆலயமும் பர்மியர் ஆலயமும் எதிரெதிரே நிற்கின்றனவே, அவ்விரண்டுக்கும் பொதுவான தேரவாதம் என்னும் பௌத்தப் பிரிவு 'எங்கே' என்ற சொல்லையே ஏற்காது. கண்ணும் உருவமும் கூடும்போது கண்ணுணர்வு எழுகிறது, கூட்டம் கலைந்தால் அதுவும் இல்லை. கனவில்லா உறக்கத்தில் ஓடுவது பவங்கம் என்னும் அடியோட்டம் மட்டுமே என்பார்கள்.

என் மனம் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரிடமே செல்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அவர் 12 சூத்திரங்களால் அருளிய சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் "கண்படில் உண்டிவினை இன்மையின்" என்றொரு தொடர் வருகிறது. உறங்கும்போதும் மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆயினும் அங்கே இன்ப துன்ப நுகர்ச்சியும் இல்லை, செயலும் இல்லை. எனவே மூச்சே உயிராகாது என்பது அதன் கருத்து. அறுவை அறையில் தாயாரின் மூச்சு நிற்காமல் நடந்தும் கத்தி பட்டதை அவர் அறியாதிருந்ததை நினைத்துக்கொண்டு இத்தொடரைப் படித்துப் பாருங்கள்.

அடுத்து வருவது "உணர்த்த உணர்தலின்". உயிர் தானாக அறிவதில்லை, அறிவிக்கவே அறிகிறது. விளக்கை அணைத்த அறையில் கண் எங்கும் போய்விடுவதில்லை. அதற்குக் காட்டும் ஒளிதான் இல்லை. அதுபோல, அறிவதற்கு உதவும் புலன், மனம் முதலிய கருவிகளை மருந்து ஒடுக்கியபோது தாயாரின் உயிர் உடம்பில்தான் இருந்தது, அறிவிக்கும் கருவி இன்றி இருந்தது. கருவிகள் மீண்டதும், விட்ட இடத்திலிருந்தே அவர் கேள்வியைத் தொடங்கிவிட்டார்.