தனி மாநாட்டுக்குப் போகலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் ஓர் ஊர் நூலகத்தில் நூலகராக இருக்கிறேன். மொழிச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளின் நூலகர்களுக்கென்று நடக்கும் மாநாட்டுக்கு அழைப்பு வந்திருக்கிறது. என்னைப் போன்றவர்களைச் சந்திக்க ஆசைதான். ஆனால் மலையாள நூல்களையும் நானே பேணிவரும்போது, என்னைச் சிறுபான்மை நூலகர் என்று தனியே உட்கார வைப்பது மனத்துக்கு ஒப்பவில்லை. உடன் பணியாற்றுவோர் நான் தனி அணி சேர்ப்பதாக நினைப்பார்களோ என்ற தயக்கமும் உண்டு. போகலாமா?
— நூலகர் ஒருவர், சித்தூர் வட்டம், பாலக்காடு

பதில்: அவசியம் போக வேண்டும். ஒருவரை அவர் செய்யும் வேலையால் அறியாமல் வீட்டில் பேசும் மொழியால் அறிவது உறுத்தும் என்பது உண்மையே; அந்த உறுத்தலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நீங்கள் எங்கே உட்காருவது, உங்களைப் பற்றி யார் என்ன நினைப்பார்கள் என்பதைச் சொல்லும் உங்கள் கடிதத்தில், உங்கள் நூலகத்துக்கு வரும் தமிழ் வாசகர் ஒருவர்கூட இல்லை என்பதைச் சுட்டாமல் இருக்க முடியவில்லை.

1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. அங்குள்ள தமிழர்களின் நூலகத் தேவை மற்ற வட்டங்களின் தேவையைப் போன்றதன்று. மானியத்தில் தமிழ் நூல்களுக்கு எவ்வளவு ஒதுக்குவது, கோயம்புத்தூரிலோ பொள்ளாச்சியிலோ வாங்கும் நூலுக்குக் கணக்குக் காட்டுவது எப்படி, தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில் ஆளுக்கொரு விதமாகப் பதிந்துவிட்டால் வாசகர் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி என்பவை பொது மாநாட்டில் இறுதி அமர்வின் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளப்படக்கூடிய கேள்விகள். நூல் பட்டியலுக்கான கோஹா போன்ற மென்பொருள்கள் தமிழ் எழுத்தை அப்படியே ஏற்கும். மூணாற்றிலோ பீர்மேட்டிலோ அதைச் செய்து பார்த்த ஒருவர் இருந்தால், அவரைச் சந்திக்க உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது? ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்று 1931இல் விதி வகுத்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் அந்த வாசகரின் மொழிக்கு விலக்கு எதுவும் வைக்கவில்லை.

தனியாகக் கூடுவது பொதுச் சங்கத்தை விட்டு விலகுவதாகாது. 1964இல், கறுப்பின நூலகர்களைச் சேர்க்க மறுத்த மாநிலச் சங்கங்களின் நிகழ்ச்சிகளில் அமெரிக்க நூலகச் சங்கத்தின் நிர்வாகிகள் பங்கேற்கக் கூடாது என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் இ. ஜே. ஜோசி என்ற கறுப்பின நூலகர். 1970இல் அச்சங்கத்துக்குள் கறுப்பின நூலகர்களுக்கென்று ஓர் அமைப்பு உருவாக முன்னின்ற அவரே, 1984இல் முழுச் சங்கத்துக்கும் தலைவரானார். அவர்கள் எதிர்கொண்ட நிறவெறித் தடை நமக்கு இல்லை. ஆகவே நம் நிலையை அதற்கு இணையாக்குவது தவறு. ஆயினும் இரண்டு இடங்களிலும் ஒருவர் முழு மனத்துடன் பணியாற்ற முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று. கேரளத்தின் நூலக இயக்கமே 1945இல் அம்பலப்புழையில் 47 நூலகங்கள் கூடிப் பேசியதிலிருந்து வளர்ந்ததுதான். ஆகவே கூடிப் பேசுவதைப் பிரிவினையாகக் காணும் பழக்கம் உங்கள் சக நூலகர்களுக்கு இருக்கும் என்று நான் நம்பவில்லை. இருந்தால், மாநாட்டில் பேசியதை அவர்களிடமே எடுத்துச் சொல்லுங்கள்.

போகும்போது நூல் வழங்கல் பதிவேட்டிலிருந்து, கடந்த ஓராண்டில் வாசகர்கள் கேட்டும் உங்களால் தர முடியாமற்போன தமிழ் நூல்களின் பட்டியலை எழுதிக்கொண்டு செல்லுங்கள். பதிவேட்டில் அப்படி ஒரு பத்தி இல்லையென்றால் இன்றே தொடங்குங்கள். பாராட்டுரைகளும் பொன்னாடைகளுமாகவே மாநாடு முடிந்துவிடும்போல் தோன்றினால், எழுந்து அந்தப் பட்டியலைப் படியுங்கள். பிறகு அதே பட்டியலுடன் அரசுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் அந்த உரிமையை உங்களுக்குத் தந்திருக்கிறது. அடுத்த பொது மாநாட்டிலும் அந்தக் கடிதத்தின் படியை முன்வையுங்கள்.