ஒட்டகக் கழுத்தும் ஒற்றைக் குளம்பும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தென்னமெரிக்காவின் அழிந்துபோன குளம்பு விலங்குகளைப் பற்றிய தங்கள் கட்டுரையில், மாக்ரௌகேனியாவைக் குதிரை, காண்டாமிருகம் ஆகியவற்றின் உறவு என்று எழுதியிருந்தீர்கள். அதன் கழுத்தெலும்பு ஒட்டகத்தை ஒத்தது என்று ஆங்கிலேய உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவனே சொல்லியிருக்கிறாரே? மறுபுறம், ஒற்றைக் குளம்புடைய தோவாத்தீரியத்தைக் குதிரைக் குடும்பத்தில் சேர்க்க மறுக்கிறீர்கள். இது முரண் அல்லவா? கிருஷ்ணகிரிக் கல்குவாரிகளில் இத்தகைய எலும்புகள் கிடைக்குமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

கால்நடை மருத்துவர் ஒருவர், பாலக்கோடு

அன்புள்ள டாக்டர்,

1834இல் பட்டகோனியாவின் சான் ஹூலியன் துறைமுகத்தருகே சார்லஸ் டார்வின் எடுத்த எலும்புகளை ஆராய்ந்து, 1838இல் ஓவன் அவ்விலங்குக்குப் பெயரிட்டார். கழுத்தெலும்புகளில் தமனி செல்லும் வழி ஒட்டகத்திலும் லாமாவிலும் உள்ளதைப் போலிருப்பதாக அவர் கண்டது சரியே. ஆனால் தாங்கள் அன்றாடம் கையில் பிடித்துப் பார்க்கும் கால்களை நினைத்துப் பாருங்கள். மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் உடலின் பாரம் மூன்றாம், நான்காம் விரல்களுக்கு நடுவே இறங்குகிறது. மாக்ரௌகேனியாவுக்கோ மூன்று விரல்கள், பாரம் நடுவிரலில். கணுக்கால் எலும்பிலும் மாட்டுக்குரிய இரட்டைக் கப்பி அமைப்பு இல்லை. ஒரு கழுத்து ஒற்றுமைக்காக இத்தனையையும் தள்ளிவிட முடியாது.

மாக்ரௌகேனியாவின் கூட்டத்தையே சேர்ந்த தோவாத்தீரியம்தான் உண்மையில் சிக்கலானது. அதன் பக்கவிரல்கள் இன்றைய குதிரையின் பக்கவிரல்களைவிடவும் தேய்ந்தவை. அர்ஜென்டினாவின் தொல்லுயிரியலாளர் ஃப்ளோரென்டினோ அமெகினோ அக்கூட்டத்தைக் குதிரைகளோடு இணைத்துப் பார்த்ததில் வியப்பில்லை. 2015இல் மாக்ரௌகேனியா, தென்னமெரிக்காவின் இன்னொரு அழிந்த குளம்பு விலங்கான டாக்சோடான் ஆகியவற்றின் எலும்பிலிருந்து பிரித்த கொலாஜன் புரதம், இவை குதிரை, காண்டாமிருகம், டேப்பிர் அடங்கிய ஒற்றைப்படைக் குளம்பிகளுக்கு மிக நெருங்கியவை என்று காட்டியது. 2017இல் மாக்ரௌகேனியாவின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வும் அதையே சொன்னதோடு, இரு கிளைகளும் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்ததாகக் கணிக்க உதவியது. அப்படியானால் அமெகினோ வென்றுவிட்டார் என்று சொல்லத் தோன்றும், எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பிரிவு நிகழ்ந்தபோது குதிரை, காண்டாமிருகம், டேப்பிர் என்ற கிளைகளே தோன்றியிருக்கவில்லை. ஆகவே தோவாத்தீரியம் குதிரைக்கு எவ்வளவு தூரத்து உறவோ, காண்டாமிருகத்துக்கும் அவ்வளவே தூரம். ஒற்றைக் குளம்பு இரு வம்சங்களில் தனித்தனியே உருவானது. குதிரைக் குடும்பத்தில் அதைச் சேர்க்காமல், குதிரையும் உள்ளடங்கிய பெருங்கிளைக்கு அருகில் மட்டும் வைத்ததன் காரணம் இதுதான்.

தென்னமெரிக்காவின் அழிந்த குளம்பு விலங்குகளையெல்லாம் சேர்த்து மெரிடியுங்குலேட்டா என்று ஒரே குடையின் கீழ் வைக்கும் வழக்கத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. அவற்றுள் பைரோதீரியம், அஸ்ட்ராபோதீரியம் போன்றவை மாக்ரௌகேனியாவுக்கு வெகுகாலம் முன்பே அழிந்தவை. அவற்றிலிருந்து புரதமோ டி.என்.ஏ.வோ எடுக்கப்படவில்லை, பல்லையும் எலும்பையும் வைத்தே வாதம் நடக்கிறது. யானை வகையறா அடங்கிய ஆப்பிரிக்கக் கிளையோடு அவற்றை ஒட்டவைக்கும் கருத்தும் முன்வைக்கப்பட்டிருக்கிறது. டாக்சோடானுக்குக் கிடைத்த சான்றை இவற்றுக்கும் நீட்டிக்க நான் விரும்பவில்லை.

குவாரிகளைப் பொறுத்தவரை ஒரு வரி போதும். நம் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையானவை. எலும்புள்ள உயிர் எதுவுமே உலகில் இல்லாத காலத்தவை. பாலூட்டிப் புதைபடிவங்கள் மலிந்த சிவாலிக் மலைகளிலும் தென்னமெரிக்காவின் இந்தக் கூட்டத்தார் கிடையாது.