பயிற்சிக்குப் போட்ட பணம் திரும்பி வந்ததா? பனியன் கம்பெனிக்கு ஒரு கணக்கு

கேள்வி: திருப்பூரை அடுத்த பெருமாநல்லூர் பக்கம் எங்கள் குடும்பத்துப் பனியன் கம்பெனி. இரண்டு லைன் (தையல் மெஷின் வரிசை). அதில் ஒரு லைனின் 30 டைலர்களுக்குத் தினம் ஒரு மணி நேரம் வீதம் 10 நாள் பயிற்சி கொடுத்தோம். பயிற்சியாளர் கட்டணம் ரூ. 45,000. முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. “கண்ணு, அந்தக் காசுக்கு என்னத்தக் கண்டோம்?” என்று மாமா கேட்கிறார். என் கையில் இருப்பது ஃபீட்பேக் படிவங்கள் மட்டுமே. என்ன பதில் சொல்வது?

பதில்: மாமா கேட்டது சரியான கேள்விங்க. அந்தப் படிவங்களை மட்டும் அவரிடம் காட்டாதீர்கள். கடைசி நாள் டீயும் போண்டாவும் கொடுத்துவிட்டு “எப்படி இருந்தது?” என்று கேட்டால் யார்தான் குறை சொல்வார்கள்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்குத் தமிழ்ப் படிவத்தைச் சூப்பர்வைசரே நிரப்பிக் கொடுத்திருக்கவும் கூடும்.

டொனால்ட் கிர்க்பேட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-இல் இதை நான்கு படியாகப் பிரித்து எழுதினார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, கம்பெனிக்குப் பலன் வந்ததா. போட்ட பணத்துக்கு எத்தனை சதவீதம் திரும்பியது என்ற ஐந்தாம் படியைப் பின்னால் ஜாக் பிலிப்ஸ் சேர்த்தார். உங்கள் படிவம் முதல் படியோடு நிற்கிறது. மாமா கேட்பது ஐந்தாவது.

பயிற்சிக்கு முன்பே அளந்து வைக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். தைத்த பீஸுக்கு ஏற்பக் கூலி தரும் பீஸ் ரேட் கம்பெனியில் அளவு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். சம்பள நோட்டில் ஒவ்வொரு டைலரும் அன்றன்று தைத்த பீஸ் இருக்கிறது, செக்கிங் டேபிள் நோட்டில் ஆல்டரேஷன் (குறையால் பிரித்துத் தைக்கத் திரும்பிய பீஸ்) இருக்கிறது. பயிற்சிக்கு முந்தைய ஆறு வாரத்தையும் முடிந்த பின் வந்த ஆறு வாரத்தையும் எடுங்கள். நடுவில் பயிற்சி நடந்த 10 நாளை விட்டுவிடுங்கள்.

பீஸ் எண்ணிக்கையை அப்படியே ஒப்பிட்டால் மட்டும் ஏமாந்து போவீர்கள். முந்தைய மாதம் காலர் டி-ஷர்ட், இந்த மாதம் ரவுண்ட் நெக் என்றால் பீஸ் கூடத்தான் செய்யும். அதனால் நிமிடமாக மாற்றுங்கள். ஒரு பீஸுக்கு நிர்ணயித்த நிமிடத்தை (எஸ்ஏஎம்) தைத்த பீஸால் பெருக்கி, ஆட்கள் உட்கார்ந்த மொத்த நிமிடத்தால் வகுத்தால் லைன் எஃபிஷியன்ஸி, அதாவது லைனின் செயல்திறன். உதாரணத்துக்கு 30 பேர், 480 நிமிடம் என்றால் மொத்தம் 14,400 நிமிடம். 8 நிமிட பீஸ் 900 வந்தால் 7,200 நிமிடம், அதாவது 50 சதவீதம்.

பயிற்சிக்குப் பின் அது 54 ஆனது என்று வைத்துக்கொள்வோம். நான்கு புள்ளியும் பயிற்சியால் வந்ததா? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஒரே ஸ்டைல் நீளமாக ஓடினால் கை தானாகப் பழகும். புதுத் தையல் மெஷின் வந்திருக்கலாம், கரண்ட் கட் குறைந்திருக்கலாம். உங்கள் அதிர்ஷ்டம், பயிற்சி பெறாத லைன் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. அதே காலத்தில் அது 50-இலிருந்து 52-க்கு ஏறியிருந்தால் பயிற்சியின் பங்கு இரண்டு புள்ளிதான். இரண்டு புள்ளி என்றால் 288 நிமிடம், ஒரு நாளைக்கு 36 பீஸ்.

பெங்களூரு ஆயத்த ஆடை ஆலைகள் ஐந்தில் பெண் தொழிலாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பேச்சுத்திறன், நேர மேலாண்மை போன்ற பயிற்சிகளை ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தி கூடியது. சுவாரசியம் என்னவென்றால், அதே லைனில் பயிற்சி பெறாமல் கூட வேலை செய்தவர்களும் முன்னேறினார்கள். ஆகவே ஒரே லைனுக்குள் பாதிப் பேரைப் பிரித்து ஒப்பிடாதீர்கள், வித்தியாசம் குறைவாகத் தெரியும்.

இனி பணம். 36 பீஸை விற்பனை விலையால் பெருக்கி மாமாவிடம் நீட்டினால் அவர் சிரித்துவிடுவார். டைலர் கூலி, நூல், துணி எல்லாம் போக பீஸுக்கு நிற்பது எவ்வளவு? பத்து ரூபாய் என்று கொண்டால் நாளுக்கு ரூ. 360, 25 நாளைக்கு ரூ. 9,000. கூடுதல் பீஸுக்கு ஆர்டர் இருந்தால்தான் இதுவும். இல்லாவிட்டால் ஓவர்டைம் எவ்வளவு குறைந்தது என்று மட்டும் பாருங்கள். பக்கத்து லைனைவிட ஆல்டரேஷன் நாளைக்கு 20 பீஸ் அதிகமாகக் குறைந்து, பிரித்துத் தைக்கும் செலவு பீஸுக்கு 4 ரூபாய் என்றால் மாதம் இன்னொரு ரூ. 2,000.

செலவும் ரூ. 45,000-த்தோடு நிற்கவில்லை. 30 பேர் 10 மணி நேரம் மெஷினில் இல்லை. மணிக்கு 70 ரூபாய் வைத்தால் அது ரூ. 21,000. பழகும்போது வீணான துணி, ஊசிக்கு ரூ. 4,000. ஆக ரூ. 70,000. மாதம் ரூ. 11,000 வந்தால் ஏழாவது மாதத்தில் போட்டது திரும்பிவிடும். ஒரு வருடத்தில் ரூ. 1,32,000. அதில் செலவைக் கழித்து, செலவாலேயே வகுத்தால் 89 சதவீதம்.

ஆனால் திருப்பூர் டைலர் ஒரே கம்பெனியில் வருடம் முழுக்க இருப்பாரா என்று உங்களுக்கே தெரியும். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வேறு கேட்டில் நுழைவார். ஆறு மாதத்துக்குப் பின் மூன்றில் ஒரு பங்குப் பேர் போய்விட்டால் வருடப் பலன் ரூ. 1,10,000 ஆகக் குறையும், 89 சதவீதம் 57 ஆகும். இந்தக் குறைந்த எண்ணையே மாமாவிடம் சொல்லுங்கள். இதெல்லாம் நான் வைத்துக் காட்டிய எண்கள். நோட்டில் உள்ளதைப் போட்டால் மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம்.

செக்கிங் ஆட்களும் அந்தப் பயிற்சியில் உட்கார்ந்திருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். நூறு பீஸுக்கு இத்தனை குறை என்ற கணக்கு முதல் சில வாரம் ஏறவும் கூடும். தையல் கெட்டுப்போனதால் அல்ல, முன்பு கண்ணில் படாத ஸ்கிப் தையல் (இடையில் விட்டுப்போன தையல்) இப்போது படுகிறது. பையர் (வாங்குபவர்) பக்கமிருந்து வரும் ரிஜெக்‌ஷனையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

எண்கள் அசையவே இல்லை என்றால்? நோட்டில் அதிகம் முன்னேறிய மூன்று பேரையும் துளியும் மாறாத மூன்று பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லாமல். ராபர்ட் பிரிங்கர்ஹாஃப் என்பவர் வகுத்த முறை இது. சின்ன கம்பெனிக்குச் செலவே இல்லாதது. மாறாதவர்கள் பெரும்பாலும் “கத்துக்கிட்டேனுங்க, ஆனா கட்டிங்லிருந்து பீஸ் வர்றதுக்குள்ள அரை மணி நேரம் சும்மா உக்காந்திருக்கேன்” என்பார்கள். அல்லது, சொல்லிக் கொடுத்தபடி தைத்தால் சூப்பர்வைசர் திட்டுகிறார் என்பார்கள். போர்வெல்லில் இரண்டு இஞ்ச் தண்ணீர்தான் என்றால் மோட்டாரைப் பெரிதாக்கி என்ன செய்ய? அந்த இடத்தில் தேவைப்படுவது டைலருக்கு இன்னொரு வகுப்பு அல்ல.

அடுத்த லைனுக்குப் பயிற்சி வைப்பதானால் பேரம் பேசும்போதே கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, 60-ஆம் நாள் நோட்டைப் பார்த்துத் தருவதாகச் சொல்லுங்கள். அப்படிச் சொன்ன உடனே பயிற்சியாளர் ஏற்கெனவே வேகமாகத் தைக்கும் ஆட்களாகப் பார்த்துக் கேட்பார். ஒரே சமயத்தில் எல்லோரையும் உட்கார வைக்க முடியாவிட்டால், யார் முதலில் என்பதை அவர் முன்னாலேயே சீட்டுக் குலுக்கி எடுத்துவிடுங்கள்.