ஜப்பானின் நிசெகோ பனிமலைக்குப் போகலாமா? ஸ்கீ தெரியாதவர்களுக்கு அது சரிப்படுமா?

போகலாம். ஆனால் மாவுபோல உதிரும் 'பவுடர் பனி' என்ற பெயரைக் கேட்டு, முதன்முதலாக ஸ்கீ பழக அங்கே போகிறவருக்கு அந்தப் பனியால் பெரிய லாபம் இல்லை. நான் ஓரளவு பழகிய பிறகு போனேன். கூட வந்த நண்பர் அதுவரை ஸ்கீயைக் காலில் மாட்டியதே இல்லை. ஒரே மலைதான், ஆனால் இருவரும் பார்த்தது வேறு வேறு.

குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வரும் கடுங்குளிர்க் காற்று, ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. நிசெகோ இருக்கும் ஹொக்கைடோ தீவின் மேற்கு மலைகளில் மோதி மேலே ஏறியதும் அத்தனையையும் பனியாகக் கொட்டிவிடுகிறது. ஒரு சீசனுக்குச் சராசரியாக 15 மீட்டர் என்பார்கள். ஸ்கீ சரிவுகள் இருக்கும் நிசெகோ அன்னுபுரி மலையின் உயரமோ வெறும் 1,308 மீட்டர். குளிர் அதிகம் என்பதால் பனியில் ஈரம் மிகக் குறைவு. கையுறையில் விழுந்த துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும், லேசாக ஊதினால் பறந்துவிடும். உருண்டை பிடிக்கப் பார்த்தால் பொலபொலவென்று உதிரும்.

அதில் இறங்கும்போது முழங்கால்வரை பனி, ஸ்கீ கண்ணுக்கே தெரியாது. விழுந்தால் வலிப்பதில்லை, எழுந்திருப்பதுதான் பெரும்பாடு. கையை ஊன்றினால் தோள்வரை உள்ளே போய்விடும். இரண்டு கோல்களையும் பெருக்கல் குறிபோலப் பனிமேல் படுக்கவைத்து, நடுவில் கையை ஊன்றித்தான் எழ வேண்டும். காலிலிருந்து கழன்ற ஸ்கீயைத் தேடுவது தனிக் கூத்து. எல்லோரும் கீழே தேடுவார்கள். நாம் உருண்டு வந்திருப்போம், அது பெரும்பாலும் மேலேயே எங்கோ புதைந்து கிடக்கும். கோலால் குத்திக் குத்திப் பார்க்க வேண்டியதுதான்.

நண்பருக்கு இந்தச் சுகமும் இல்லை, இந்தத் தொல்லையும் இல்லை. பழகுபவர்களுக்கான சரிவுகளை இயந்திரம் விட்டு அழுத்திச் சமன்படுத்தி வைத்திருப்பார்கள். அது எந்த ஊரிலும் கிடைக்கும். அவருக்கு உண்மையில் உதவியது ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர்கள்தான். ஆஸ்திரேலியர்கள் குவிவதால் நிசெகோவில் மொழிப் பிரச்சினையே கிடையாது. ஆனால் ஜப்பானுக்கு வந்திருக்கிறோம் என்ற உணர்வும் அங்கே கொஞ்சம் குறைவுதான்!

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். ஸ்கீ எல்லைக்கு வெளியே போவதற்கென்று வாயில்கள் இருக்கின்றன. பனிச்சரிவு அபாயத்தைப் பார்த்துத்தான் திறப்பார்கள். அவை மூடியிருக்கும்போது கயிற்றுக்கு அடியில் நுழைந்து போனால் லிஃப்டில் ஏறுவதற்கான பாஸைப் பிடுங்கிவிடுவார்கள், அது நியாயமும்கூட. மரங்களுக்கு நடுவே போகிறவர்கள் தனியாகப் போகவே கூடாது. அடிமரத்தைச் சுற்றிக் கிளைகளுக்குக் கீழே பனி இறுகாமல் குழியாக இருக்கும். தலைகீழாக விழுந்தால் தானாக வெளியே வர முடியாது, மூச்சு முட்டிவிடும்.

நல்ல பனி வேண்டுமென்றால் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை. ஆனால் அப்போது எதிரே இருக்கும் யோதேய் எரிமலை கண்ணில் படுவதே அபூர்வம், காற்றடித்தால் மேல் லிஃப்டுகளையும் நிறுத்திவிடுவார்கள். புத்தாண்டையும் சீனப் புத்தாண்டையும் ஒட்டிய நாட்களில் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். மார்ச்சில் பனி கனத்துவிடும், ஆனால் வானம் தெளியும், அறை வாடகையும் இறங்கும். முதல்முறை பழகுபவருக்கு என் ஓட்டு மார்ச்சுக்குத்தான்.

அப்புறம், சைவம் சாப்பிடுபவர்கள் சமையலறை உள்ள அறையாகப் பார்த்து எடுங்கள். காய்கறி சூப் என்று வருவதிலும் மீன் சாறு இருக்கும். உடைகள், பூட்ஸ், ஸ்கீ எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். நியூ சித்தோசே விமான நிலையத்திலிருந்து பேருந்தில் சுமார் மூன்று மணி நேரம்.

பனியைவிட ஊர்தான் முக்கியம் என்றால், ஹொக்கைடோவை விட்டுவிட்டு நாகானோ மாகாணத்தின் நோசாவா ஓன்சென் போங்கள். பனி அவ்வளவு வறண்டது இல்லை. ஆனால் குறுகிய தெருக்களும், ஊர்க்காரர்களே பராமரிக்கும் 13 பொது வெந்நீர்க் குளியலறைகளும் இருக்கின்றன. தண்ணீர் சில இடங்களில் காலை வைக்க முடியாத சூடு.