நாத்தனார் முடிச்சுக்கு எந்தப் பட்டு?

கேள்வி: "அக்கா, எங்களுக்குத் தக்கலைப் பக்கம். ஆவணியில் என் தம்பிக்குக் கல்யாணம். காலையில் குமாரகோவிலில் தாலிகெட்டு, மதியம் மண்டபத்தில் சாப்பாடு, சாயங்காலம் அதே மண்டபத்தில் ரிசப்ஷன். அதை ஒட்டியே ஓணமும் வருகிறது. எனக்கு, வீட்டுக்காரருக்கு, எட்டு வயது மகளுக்கு, முட்டுவலி உள்ள மாமியாருக்கு என நாலு பேருக்கும் சேர்த்து 25,000 ரூபாய்தான் ஒதுக்க முடியும். காலைக்கு ஒரு பட்டு, ரிசப்ஷனுக்கு ஒரு லெகங்கா என்று நினைத்திருக்கிறேன். ஆன்லைனில் வாங்கலாமா, கடைக்கே போகலாமா? எதில் செலவு செய்வது, எதில் குறைப்பது?"

பதில்: கடிதத்தில் நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் மாப்பிள்ளையின் அக்கா. அப்படியென்றால் தாலி கட்டும்போது பெண்ணின் பின்னால் நின்று முடிச்சுப் போடுவது அநேகமாக நீங்கள்தான். அந்த அரை நிமிடம் எல்லோர் கண்ணும் கேமராவும் உங்கள் பக்கம் இருக்கும். படத்தில் விழுவது குனிந்த முதுகும், நீட்டிய கையும், தோளில் நிற்கும் முந்தியும். எந்தப் பட்டு, என்ன விலை என்பதெல்லாம் அப்புறம். அதைக் கட்டிக்கொண்டு என்ன செய்யப் போகிறோம், எத்தனை மணி நேரம் உடுத்தியிருக்கப் போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் 16 வருடம் சேலை விரித்துக் காட்டியவள் நான். வந்தவர்களில் பெரும்பாலோர் நிறத்தையும் விலையையும் கேட்டார்கள். படி ஏறுமா, குனிய முடியுமா, வியர்த்தால் என்ன ஆகும் என்று கேட்டவர்கள் கைவிரலுக்குள் அடங்குவார்கள்.

குமாரகோவில் வேளிமலை அடிவாரத்தில் இருக்கிறது, படி ஏறித்தான் போக வேண்டும். முருகன் வள்ளியை மணந்த இடம் என்பதால் நல்ல முகூர்த்த நாளில் ஒரே காலையில் பல கல்யாணம் நடக்கும். நெரிசலும் புழுக்கமும் நிச்சயம். ஆவணியில் ஒரு மழைக்கும் இடம் உண்டு. இதற்குப் பெரிய பார்டர் வைத்த கனத்த காஞ்சிபுரம் வேண்டாம். நாலு விரல் அகல பார்டர், கனம் குறைந்த சுத்தப் பட்டு போதும். 10,000 ரூபாய்க்குள் சுத்த ஜரிகையும் கனமான பட்டும் சேர்ந்து கிடைக்காது, கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். என் கருத்து, பட்டில் சமரசம் செய்யாதீர்கள், ஜரிகையில் செய்யலாம். செம்பு ஜரிகை போட்ட சுத்தப் பட்டு அழகாகவே இருக்கும். என்ன ஜரிகை என்று கடைக்காரர் ஒளிக்காமல் சொல்லிப் பில்லிலும் எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான்.

சுத்தப் பட்டா என்று பார்க்க சில்க் மார்க் சீட்டைத் தேடுங்கள். மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-இல் வந்தது அது. ஆனால் அந்தச் சீட்டு பட்டுக்கு மட்டும்தான் பொறுப்பு, ஜரிகைக்கு அல்ல. இதைத் தெரியாமல் "சில்க் மார்க் இருக்கு, ஜரிகையும் சுத்தம்தான்" என்று சேலைக்கு இரட்டிப்பு விலை கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜரிகைக்கு வேறு வழி இருக்கிறது. முந்தி ஓரத்தில் பிரிந்து நிற்கும் ஜரிகை இழை ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டுங்கள். மேல்பூச்சு விலகி உள்ளே வெள்ளியின் வெண்மையும், நடுவில் சிவப்புப் பட்டு நூலும் தெரிந்தால் அது சுத்த ஜரிகை. செம்பு நிறம் தெரிந்தால் செம்பு ஜரிகை. பிளாஸ்டிக் மாதிரி தோல் உரிந்தால் விலையை அதற்குத் தக்கபடி பேசுங்கள்.

இழையைக் கொளுத்திப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். பட்டு என்றால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் நசுங்கிப் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். இதில் பலர் விடும் தவறு ஒன்று. முந்திக் குஞ்சத்தில் தொங்குவது நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மட்டும்தான். பாவில் பட்டும், குறுக்கே ஓடும் ஊடையில் பாலியெஸ்டரும் போட்ட சேலை அந்தச் சோதனையில் தேறிவிடும். அந்த ஊடை நூலையும் வெட்டிய ஓரத்திலிருந்து ஒன்று உருவித் தனியாகக் கொளுத்திப் பாருங்கள்.

வாங்கும் காலம் ஆடி. தள்ளுபடி கிடைக்கும், தையலுக்கும் நாள் இருக்கும். ஆனால் தள்ளுபடியில் பழைய சரக்கும் வெளியே வரும். பட்டு ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் அந்தக் கோட்டில் இழை உலர்ந்து நிற்கும், கட்டிய அன்று குனிந்தால் விரிசல் விடும். அதனால் சேலையை முழுவதும் பிரிக்கச் சொல்லி, ஒவ்வொரு மடிப்பையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கோட்டில் நூல் மெலிந்து ஒளி கசிந்தாலோ, அந்த இடத்து ஜரிகை மட்டும் கறுத்திருந்தாலோ வேண்டாம். நிறத்தைக் கடை விளக்கில் முடிவு செய்யாதீர்கள், வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். விவரம் தெரிந்த கடைக்காரர் தடுக்க மாட்டார்.

நிறத்துக்கு முன்னால் பெண் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். மணப்பெண்ணின் முகூர்த்தப் பட்டு அரக்கோ சிவப்போ என்றால், அவளுக்குப் பின்னால் ஒட்டி நிற்கும் நீங்களும் அரக்கில் நின்றால் படத்தில் யார் எங்கே முடிகிறார் என்று தெரியாது. கோவிலின் கருங்கல் பின்னணியில் ஊதாவும் கரும்பச்சையும் அமுங்கிப்போகும். மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, வாடாமல்லி இந்த மூன்றில் உங்கள் முகத்துக்கு எது சேர்கிறதோ அதை எடுங்கள்.

இவ்வளவும் கையால் தொட்டுப் பார்த்துச் செய்கிற வேலை. அதனால் பட்டுக்குக் கடைக்கே போங்கள். ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் மகளின் வளையல், உங்கள் காட்டன் உள்பாவாடை மாதிரி சிறு பொருட்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இப்போது பிளவுஸ். சேலையை விட இதில்தான் நான் பிடிவாதம் பிடிப்பேன். ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தைய பதினைந்து நாள் எந்தத் தையல்கடையிலும் நிற்க இடம் இருக்காது, அவசரத்தில் கைக்குழி கெட்டுப்போகும். சேலை எடுத்த வாரமே துணியைக் கொடுத்துவிடுங்கள். லைனிங் துணியை முதலில் ஊறவைத்துக் காயவைத்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் அலசலில் லைனிங் மட்டும் சுருங்கி மேல்துணி முண்டும் முடிச்சுமாக நிற்கும். பக்கத் தையலில் ஓர் அங்குலமாவது உள்ளே விடச் சொல்லுங்கள். அளவு பார்க்கப் போகும்போது கண்ணாடி முன்னால் நேராக நின்று பார்த்துவிட்டு வராதீர்கள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, கொஞ்சம் குனிந்து, இல்லாத தாலிக்கு ஒரு முடிச்சுப் போட்டுப் பாருங்கள். முதுகுத் தையல் இழுத்தாலோ, கீழ்ப்பட்டி மேலே ஏறினாலோ அங்கேயே சரிசெய்யச் சொல்லுங்கள். முதுகில் கயிறு கட்டிய ஆழமான கழுத்து பார்க்க அழகுதான், ஆனால் குனிகிற வேலைக்கு அது தோளிலிருந்து நழுவும். முழங்கைக்குச் சற்று மேலே நிற்கும் கையும், மிதமான கழுத்தும் உங்களுக்குப் போதும்.

சேலை கட்டும்போது தோளில் முந்தி மடிப்பை ஓர் ஊக்கில் நிறுத்தாமல், தோளுக்கு முன்னும் பின்னும் என இரண்டாகக் குத்துங்கள். ஊக்கு குத்தும் இடத்தில், துணிக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டுக் குத்தினால் பட்டு கிழியாது. கடையில் எங்களுக்கு ஒரு வயதான அம்மா சொல்லிக்கொடுத்தது இது, இன்றுவரை நான் கைவிடவில்லை.

ரிசப்ஷன் லெகங்காவுக்கு வருகிறேன். வேண்டாம் என்பதுதான் என் பதில். மூன்று மணி நேரத்துக்காக வாங்கி, பிறகு பீரோவில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். மழை ஈரத்தில் மண்டப வாசலைக் கடப்பதற்குள் கீழ் விளிம்பு சேறாகும். ஆசை விடவில்லை என்றால் வாடகைக்கு எடுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் சொந்தக் கல்யாணத்தின் முகூர்த்தப் பட்டை வெளியே எடுப்பேன். அதையும் மடிப்புக் கோட்டில் பார்த்து, நல்லபடியாக இருந்தால் பாலிஷ் போட்டு, அதற்கு மட்டும் புது பிளவுஸ் தைத்துக்கொள்ளுங்கள். சேலை உடலின் நிறத்திலேயே பிளவுஸ் எடுக்காமல் முந்தியிலோ பார்டரிலோ ஓடும் இரண்டாவது நிறத்தில் எடுத்தால் சேலைக்கே புது முகம் வந்துவிடும். பழைய பட்டை விரிக்கும்போது உங்கள் தம்பி அதை அடையாளம் கண்டுகொள்வான், அதற்கு ஈடாக எந்த லெகங்காவும் கிடையாது.

வீட்டுக்காரருக்குப் பட்டுச் சட்டை எடுக்கும் முன் ஒன்றை யோசியுங்கள். சுசீந்திரம், கன்னியாகுமரி அம்மன் கோவில் என நம் மாவட்டத்துக் கோவில்கள் பலவற்றில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சட்டைக்குப் போடும் காசை வேட்டிக்கும், தோளில் போடும் நேரியலுக்கும் போடுங்கள். நல்ல கைத்தறி எட்டு முழ வேட்டி, அதே கரை போட்ட நேரியல். சாயங்காலத்துக்கு இருக்கிற வெள்ளைச் சட்டை போதும்.

மகளுக்குப் பட்டுப் பாவாடை சட்டை. பாவாடையின் அடியில் உள்பக்கமாக இரண்டு மடிப்பு வைத்துத் தைக்கச் சொன்னால் வருடத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டுப் பத்து வயது வரை போடலாம். சட்டைக்குள் முழுக்கப் பருத்தி லைனிங் கட்டாயம். ஜரிகை அக்குளில் உரசினால் குழந்தை ஒரு மணி நேரத்தில் அழத் தொடங்கும். கரையின் நிறம் அடர்த்தியாக இருந்தால் ஈரக் கைக்குட்டையால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் வேறு எடுங்கள்.

மாமியாருக்குப் பட்டு எடுத்துக் கொடுத்துச் சங்கடப்படுத்தாதீர்கள். முட்டுவலிக்காரர்களுக்குக் கனமான சேலையோடு உட்கார்ந்து எழும்புவதே ஒரு பாடு. இரண்டு துண்டாகக் கட்டும் கேரளச் செட்டு முண்டு கட்டிப் பழக்கம் இருந்தால், நல்ல கசவு, அதாவது ஜரிகைக் கரை வைத்த செட்டு முண்டு ஒன்று எடுங்கள், கல்யாணத்துக்கும் ஆகும், ஓணத்துக்கும் ஆகும். ஒருநாள் ஒழிந்தால் பாலராமபுரம் போய்வாருங்கள். திருவனந்தபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், நாம் போகும் அதே சாலையில்தான் இருக்கிறது. பாலராம வர்மா மகாராஜா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் என்ற நெசவாளர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய ஊர் அது. அங்கே நெய்யும் கைத்தறிக்குப் புவிசார் குறியீடும் உண்டு. கைத்தறியா என்று தெரிய கரையோரத்தைத் தடவுங்கள். தறியில் துணியை விரித்துப் பிடிக்கும் ஊசிகளின் பொடித் துளைகள் வரிசையாக இருக்கும்.

நகைக்குப் புதிதாகத் தங்கம் யோசிக்க வேண்டாம். நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோவில் நகைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, பரதநாட்டியக் கலைஞர்கள் தேடி வந்து வாங்குவது. சிவப்புக் கல் பதித்த ஒரு ஜிமிக்கியும் ஒரு அட்டிகையும் போதும். கழுத்தை நிறைக்கும் மாங்காய் மாலையும் ஒட்டியாணமும் மணப்பெண்ணுக்கு விட்டுவிடுங்கள்.

பணத்தை நான் பிரிப்பது இப்படி. உங்கள் பட்டு 10,000, இரண்டு பிளவுஸ் தையல் 2,500, வீட்டுக்காரர் 3,000, மகள் 4,000, மாமியார் 3,000. மிச்சம் 2,500 நகைக்கும், பாலிஷுக்கும், பூவுக்கும். பூவை மறந்துவிடாதீர்கள். ஓணமும் முகூர்த்தமும் சேர்ந்த வாரத்தில் தோவாளைச் சந்தையில் பிச்சியும் மல்லியும் விலை ஏறும். இரண்டு நாள் முன்பே சொல்லிவைத்து, கல்யாணத்தன்று விடியற்காலையில் வாங்கிவர ஆள் ஏற்பாடு செய்யுங்கள்.

கல்யாணச் சாப்பாட்டில் பருப்போ சாம்பாரோ மாமியாரின் கசவில் சிந்தினால் உடனே சோப்பு போடாதீர்கள். மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் சிவப்பாக மாறும், பார்க்கவே பயமாக இருக்கும். முதலில் வெறும் குளிர்ந்த தண்ணீரில் அலசி, அப்புறம் துவைத்து, ஜரிகையை உள்பக்கமாகத் திருப்பி வெயிலில் போட்டால் மீதிக் கறையை வெயிலே தின்றுவிடும். உங்கள் பட்டுக்கு அந்த வெயில் ஆகாது. அன்று இரவு எவ்வளவு அசதியாக இருந்தாலும் மடித்து பீரோவில் வைக்காமல், கொடியில் விரித்து ஃபேன் காற்றில் வியர்வையை உலரவிடுங்கள். மறுநாள் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, முன்பு மடித்த கோட்டை மாற்றி மடித்து வையுங்கள். சென்ட் அடித்த இடத்தில் ஜரிகை கறுக்கும், அதனால் சென்ட்டைச் சேலை கட்டுவதற்கு முன்பே அடித்துக்கொள்ளுங்கள்.