எண்ணாகமம் 36 மட்டும் படித்த அப்பா

அன்புள்ள சார்,

அந்தக் காலக் கிறிஸ்தவக் குடும்பத்தைப் பற்றிய உங்கள் தொடர்கதையை ஒரு வாரம் விடாமல் படிக்கிறேன். திருமங்கலத்துக்காரி என்பதால் பசுமலை, கரிசல் புஞ்சை என்று வரும்போதெல்லாம் தனி சந்தோஷம். ஆனால் சில இடங்கள் உறுத்துகின்றன. "உபதேசியார் மகளைக் கட்டினால் ஒரு குழி நிலம் கிடையாது" என்று அப்பா மகனை மிரட்டுகிறார். தாத்தா காலத்து நிலத்தை அப்படிச் சொல்ல அவருக்கு என்ன பாத்தியதை? வெள்ளைக்காரப் பிரபு பேசுகிற மாதிரி இருக்கிறது. இன்னொன்று, கல்யாணத்தை ராத்திரி எட்டு மணிக்கு வைத்திருக்கிறீர்கள். என் தாத்தா சர்ச்சில் கோயில்பிள்ளையாக, அதாவது கோயில் வேலைகளைப் பார்க்கிறவராக இருந்தவர். அப்போதெல்லாம் ராத்திரியில் கல்யாணம் கிடையாது என்பார். கடைசியாக, காதலித்தவளைக் கட்டியாயிற்று, அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அதோடு முடிக்காமல் தங்கை, பங்கு, பத்திரம் என்று நாலு வாரமாக இழுக்கிறீர்களே, காதல் கதையில் பத்திர ஆபீஸ் எதற்கு?

ஓய்வுபெற்ற ஆசிரியை
(பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள டீச்சருக்கு,

ராத்திரிக் கல்யாணத்தில் மாட்டிக்கொண்டேன். உங்கள் தாத்தா சொன்னதுதான் சரி. 1872ஆம் வருடத்துக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி காலை 6 மணிக்கு மேல், மாலை 7 மணிக்குள் கல்யாணத்தை நடத்திவிட வேண்டும். ஆங்கிலிக்கன் பிஷப்போ கத்தோலிக்க பிஷப்போ தனி அனுமதி கொடுத்தால் நேரம் தள்ளலாம். என் கதையில் வருவது அமெரிக்கன் மிஷன் கோயில். அங்கே பிஷப்பே கிடையாது! லாந்தர் வெளிச்சத்தில் பெண்ணின் முகத்தைக் காட்டும் ஆசையில் கோட்டை விட்டேன். புத்தகமாக்கும்போது சாயங்காலம் ஐந்து மணிக்கு மாற்றிவிடுகிறேன்.

நில விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீங்கள் சொல்வது இந்துக் குடும்பத்துக்குப் பொருந்தும். அங்கே மகன் பிறந்த அன்றே பூர்வீகச் சொத்தில் பங்காளி ஆகிவிடுகிறான், அப்பா நினைத்தாலும் அதைப் பிடுங்க முடியாது. வேதத்துக்கு வந்த, அதாவது கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பங்களுக்கு எந்தச் சட்டம் என்பதில் வெகுநாள் குழப்பம் இருந்தது. பெல்லாரியில் மாத்யூ ஆபிரகாம் என்ற சுதேசிக் கிறிஸ்தவர் பெரிய வியாபாரம் செய்து 1842இல் இறந்தார். அவர் கட்டியிருந்தது சார்லட் என்ற ஆங்கிலோ இந்தியப் பெண்ணை. தம்பி பிரான்சிஸ், 'நாங்கள் பிரியாத குடும்பம், எனக்குப் பங்கு உண்டு' என்று அண்ணிக்கு எதிராக நின்றார். வழக்கு அந்நாளில் கடைசி மேல்முறையீட்டு இடமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. மதம் மாறியவர் பழைய வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம், விட்டும் விடலாம் என்று 1863இல் தீர்ப்பு வந்தது. ஆபிரகாம் குடும்பம் அதை விட்டுவிட்ட குடும்பம் என்பதால் தம்பியின் பங்காளி வாதம் நிற்கவில்லை.

அப்புறம் இந்தத் தேர்வுக்கும் இடமில்லாமல் 1865ஆம் வருட வாரிசுரிமைச் சட்டம் வந்து, 1866 ஜனவரி 1 முதல் அமலானது. அதன்படி கிறிஸ்தவ மகனுக்குப் பிறப்பால் பங்கு கிடையாது. அப்பா யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். என் நாயகன் 1868இல் பிறந்ததாக வைத்தது இதற்காகத்தான். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன், நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

அந்த அப்பாவின் கோபத்துக்கு வேறொரு வேரும் உண்டு. 1847இல் அமெரிக்கன் மிஷன், சாதியை விட்டுவிட்டு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்ல, உபதேசியார்கள் பலர் வெளியேறினார்கள். கதையில் நாயகனின் தாத்தா அப்படி எழுந்து போனவர். பெண்ணின் தாத்தா உட்கார்ந்து சாப்பிட்டவர். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பந்தி முடியவில்லை.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. அப்பா மகனைக் கூப்பிட்டு பைபிளில் எண்ணாகமம் 36ஆம் அதிகாரத்தைப் படிக்கச் சொல்கிற காட்சி ஞாபகம் இருக்கும். செலோப்பியாத்தின் குமாரத்திகள் ஐந்து பேரும் இஷ்டப்பட்டவரைக் கட்டலாம், ஆனால் சொந்தக் கோத்திரத்துக்குள் மட்டும், நிலம் வெளியே போய்விடக் கூடாது. கோத்திரம் என்ற சொல்லுக்கு அவர் நேராகத் தன் சாதியை வைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பெண்களின் கதை 27ஆம் அதிகாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. மோசேயின் முன்னால் வந்து நின்று, 'எங்கள் தகப்பனின் பங்கை எங்களுக்குக் கொடுங்கள்' என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம் என்று கர்த்தரே சொல்கிறார். அந்த ஐவரில் ஒருத்தியின் பெயரைத் தன் மகளுக்கு வைத்த மனிதர், 27ஐத் தாண்டி 36க்குப் போய்விட்டார்.

மகனும் அதையேதான் செய்கிறான். தன் அண்ணன் பிள்ளைக்கு எல்லாவற்றையும் உயில் எழுதிவைத்த அப்பா, பிறகு இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். எழுதியவர் கல்யாணம் செய்தால் உயில் ரத்து, அதே வாரிசுரிமைச் சட்டத்தில் இருப்பதுதான். (எனக்கு வசதியாக நான் கட்டியது என்று ஒரு நண்பர் கேலி செய்தார்.) வேறு உயில் எழுதாமலே அவர் இறந்ததால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆணென்றும் பெண்ணென்றும் பேதமில்லை. இங்கே சித்தி, நாயகன், தங்கை மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒன்று வருகிறது. அதுவரை 'அப்பா அநியாயம் செய்தார்' என்று புலம்பிய நாயகன், நகை போட்டுக் கட்டிக்கொடுத்த தங்கையிடம், பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதும் விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறான். அவன் காதலுக்காக நிலத்தை விட்டது எனக்குப் பெரிதாகப் படவில்லை டீச்சர். அந்த வயதில் யாரும் விடுவார்கள். முப்பது வயதில், கைக்கு வந்த நிலத்தில் தங்கையின் பங்கைக் கொடுப்பானா என்று பார்க்கத்தான் இந்த நாலு வாரமும்.

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் அப்படியொரு பத்திரம் கிடக்கிறது. 1961இல் அத்தை கையெழுத்துப் போட்டது. பதிலுக்கு இரண்டு பட்டுச்சேலை. சட்டப்படி அப்பாவுக்குச் சமமான பங்கு அவருக்கு இருந்தது. ஏன் அத்தை போட்டீங்க என்று ஒருநாள் கேட்டேன். "அண்ணன் கேட்டாரு, போட்டேன். கேக்காம இருந்திருக்கலாம்" என்றார். அப்புறம் காபி போட எழுந்து போய்விட்டார்.

அடுத்த வாரம் தங்கை பத்திர ஆபீஸ் வாசலில் வண்டியை விட்டு இறங்குகிறாள். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கும்போது யாராவது எழுந்து ஆட்சேபம் சொன்ன கதை தாத்தாவிடம் கேட்டிருந்தால் அவசியம் எழுதுங்கள்.