அரச திருமணமும் நற்கருணையும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 2011இல் மொனாக்கோ இளவரசர் இரண்டாம் ஆல்பர்ட், சார்லீன் விட்ஸ்டாக்கை அடுத்தடுத்த இரண்டு நாள்களில் இருமுறை மணந்தது ஏன்? புரோட்டஸ்டண்டாக வளர்ந்த மணமகள் கத்தோலிக்க நற்கருணையை, அதாவது வழிபாட்டில் கிறிஸ்துவின் உடலாக வழங்கப்படும் அப்பத்தை, பெறலாமா?

பதில்: ஜூலை 1 அன்று அரண்மனையின் அரியணைக் கூடத்தில் நடந்தது அரசுச் சட்டப்படியான பதிவுத் திருமணம். கத்தோலிக்கர் ஒருவருக்கு அது மட்டும் திருவருட்சாதனம் (இறையருளைத் தரும் புனிதச் சடங்கு) ஆகாது என்பதால், மறுநாள் அரண்மனை முற்றத்தில் பேராயர் பெர்னார் பார்சி முன்னிலையில் திருச்சபை முறைப்படி திருமணம் நடைபெற்றது. முன்னிலையில் என்று எண்ணியே எழுதுகிறேன். கத்தோலிக்கரில் பெரும்பாலோர் பின்பற்றும் இலத்தீன் வழிபாட்டு மரபில் திருமணம் என்னும் திருவருட்சாதனத்தை ஒருவருக்கொருவர் வழங்குபவர்கள் மணமக்களே. ஆயரோ (பிஷப்) குருவோ அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டு, திருச்சபையின் பெயரால் ஏற்று, ஆசி வழங்குகிறார்.

சார்லீன் அந்த ஆண்டு ஏப்ரலிலேயே கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்துவிட்டதால், அவர் நற்கருணை பெறுவதற்கு மதவேறுபாடு தடையாக இருக்கவில்லை. சேராமல் இருந்திருந்தால் அது கலப்புத் திருமணமாகி ஆயரின் அனுமதி தேவைப்பட்டிருக்கும். அத்தகைய திருமணங்கள் பொதுவாகத் திருப்பலி (நற்கருணை வழங்கப்படும் வழிபாடு) இல்லாமலே நடத்தப்படுகின்றன. மணநாளிலேயே ஒருவர் நற்கருணை பெற, மற்றவர் பெறாமல் நிற்கும் நிலை நேரக்கூடாது என்ற அக்கறையை இதில் காண்கிறேன். ஆயர் இசைந்தால் திருப்பலி உண்டு. எனினும், கத்தோலிக்கரல்லாத புரோட்டஸ்டண்ட் ஒருவர் நற்கருணை பெறத் திருச்சபைச் சட்டத்தின் 844ஆம் பிரிவு கடுமையான நிபந்தனைகளை விதிக்கிறது: சாவின் ஆபத்தோ வேறு பெரும் தேவையோ இருக்க வேண்டும், தம் சபையின் பணியாளரை அணுக இயலாதவராக, தாமாகவே கேட்பவராக, நற்கருணை குறித்துக் கத்தோலிக்க நம்பிக்கையை வெளிப்படுத்துபவராக, தகுந்த மனநிலை உடையவராக அவர் இருக்க வேண்டும்.

கேள்வி: முடிசூடியவர்களுக்கு இதில் சலுகை உண்டா?

பதில்: உடையில் உண்டு. திருத்தந்தையைச் சந்திக்கும்போது வெண்ணிற ஆடை அணியும் உரிமை கத்தோலிக்க அரசிகளுக்கும், மொனாக்கோ இளவரசருடைய துணைவியாருக்கும் மரபாக வழங்கப்பட்டுள்ளது. நற்கருணையில் அப்படி எதுவும் இல்லை. லூத்தரன் சபை மன்னரும் ஆங்கிலிக்கன் இளவரசரும் விருந்தினராக முன்வரிசையில் அமரலாம், செபிக்கலாம், பாடலாம். ஆனால் நற்கருணை வாங்கும் வரிசையில் அவர்கள் சேர்வதில்லை. இதை அவமதிப்பாகக் கருதுவது தவறு. நற்கருணை விருந்தோம்பலின் பகுதியன்று. அதைப் பெறுபவர் அந்தத் திருச்சபையோடு முழு ஒன்றிப்பில் இருக்கிறார் என்பதன் அடையாளம். 2002இல் ஆம்ஸ்டர்டாமில் கத்தோலிக்கரான மாக்ஸிமா, அன்றைய நெதர்லாந்து பட்டத்து இளவரசர் வில்லம் அலெக்சாண்டரை மணந்தபோது ஆலயச் சடங்கு புரோட்டஸ்டண்ட் முறையிலேயே நடந்தது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த கத்தோலிக்க குரு ஒருவரும் அதில் பங்கேற்றார்.

கேள்வி: முன்பே மணமாகி மணவிலக்குப் பெற்ற, பின்னர் ஸ்பெயின் அரசியான லெட்டீசியாவுக்கு ஸ்பெயினில் ஆலயத் திருமணம் எப்படி அனுமதிக்கப்பட்டது?

பதில்: அவருடைய முதல் திருமணம் பதிவுத் திருமணம் மட்டுமே. கத்தோலிக்கர் திருச்சபை முறையைப் பின்பற்றாமல், அதிலிருந்து விலக்கும் பெறாமல் செய்துகொள்ளும் திருமணத்தைத் திருச்சபை செல்லுபடியாகக் கருதுவதில்லை. எனவே 2004 மே 22 அன்று மத்ரித் நகரின் அல்முதேனா பேராலயத்தில் இளவரசர் பெலிப்பேயை மணக்க அந்த முந்தைய உறவு தடையாகவில்லை.